விமான மெக்கானிக் ஆகலாமா? வாசகர் கேள்விகளும் விடைகளும்

விமானப் பராமரிப்புப் பணி பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி இங்கே தருகிறோம். விமானக் கொட்டகையான ஹேங்கரிலும் விமான நிறுத்துமிடங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். விமான மெக்கானிக் என்றால் இன்ஜினைக் கழற்றி மாட்டுபவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் நாள் முழுவதும் உண்மையில் என்ன செய்கிறார், ஐயா?

பதில்: இன்ஜினைக் கழற்றி மாட்டும் நாளும் உண்டு, தம்பி, ஆனால் அது அடிக்கடி வாய்ப்பதில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்து இந்தத் தொழில் முதலில் இரண்டாகப் பிரிகிறது. வந்திறங்கிய விமானம் மறுபடி புறப்படுவதற்குள் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் அதைச் சுற்றி நடந்து, டயரில் வெட்டு விழுந்திருக்கிறதா, பிரேக் தேய்மானத்தைக் காட்டும் ஊசி எவ்வளவு மிச்சமிருக்கிறது, ஹைட்ராலிக் திரவம் எங்கேனும் கசிகிறதா, பறவை மோதிய தடம் உண்டா என்று பார்ப்பதும், 'டெக் லாக்' எனப்படும் பதிவேட்டில் விமானி எழுதிவைத்த குறைக்கு வழி காண்பதும் 'லைன்' பராமரிப்பு. அந்தக் குறையை அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால், எந்தெந்தக் கருவி பழுதான நிலையிலும் எந்த நிபந்தனைகளுடன் பறக்கலாம் என்று அந்த விமானத்துக்கென்றே வகுத்து வைத்திருக்கும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் 'பி' வகை என்றால் 3 நாள்கள், 'சி' என்றால் 10 நாள்கள், 'டி' என்றால் 120 நாள்கள் என்று தவணை உண்டு. தவணைக்குள் சரிசெய்யாவிட்டால் விமானம் தரையில் நிற்க வேண்டியதுதான்.

'பேஸ்' பராமரிப்பு வேறு உலகம். விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்து வந்து, இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சட்டகம் தெரியும்வரை திறந்து, விரிசலையும் துருவையும் தேடுகிற வேலை அது. சில நூறு பறப்பு மணிகளுக்கு ஒருமுறை வரும் 'ஏ செக்' ஓர் இரவில் முடிந்துவிடலாம். ஏறக்குறைய 18 முதல் 24 மாதங்களுக்கு ஒருமுறை வரும் 'சி செக்' நாள்கணக்கிலும், 6 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருஞ்சோதனை வாரக்கணக்கிலும் இழுக்கும். இவை தவிர இன்ஜின், சக்கரம், பிரேக், மின்னணுக் கருவி என்று தனித்தனிப் பட்டறைகளும் உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் சிலர் முழு விமானத்தை மாதக்கணக்கில் பார்க்காமலே இருப்பார்கள்.

நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் வேலை நேரத்தில் பெரும்பங்கு படிப்பதிலும் எழுதுவதிலும்தான் போகிறது. எந்த வேலையையும் மனப்பாடமாகச் செய்யக் கூடாது. ஆயிரம் முறை செய்த வேலையாக இருந்தாலும் அன்றைக்குச் செல்லுபடியாகும் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படி முடிந்ததும் பணி அட்டையில் கையொப்பமிட்டுச் செல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதத்தில், இறக்கையின் அடிப்புற மூடி ஒன்றைக் கழற்றி, அதன் திருகாணிகளை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். அவற்றில் மூன்று வெவ்வேறு நீளங்கள் இருந்தன. நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே இருப்பதைக் குத்தும். மூத்தவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஓர் அட்டையில் அந்த மூடியின் படத்தை வரையச் சொல்லி, ஒவ்வொரு திருகாணியையும் அளந்து அதன் இடத்தில் குத்திவைக்கச் சொன்னார். கழற்ற இருபது நிமிடம் ஆனது. அதை வரிசைப்படுத்த அன்றைய மாலை முழுவதும் ஆனது.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகக் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவேன். இந்த அனுபவம் விமானத் துறையில் செல்லுமா?

பதில்: சட்டத்தின் கணக்கில் ஓரளவு, கையின் கணக்கில் நிறைய. ஐரோப்பிய விதிகளின்படி, ஜெட் விமானங்களுக்குரிய உரிமம் பெற, முன்பயிற்சி எதுவும் இல்லாதவர் 5 ஆண்டுகள் இயங்கும் விமானங்களில் வேலை செய்து காட்ட வேண்டும். ஏதேனும் ஒரு தொழில்நுட்ப வேலையில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவருக்கு, அந்தப் பயிற்சியை விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொண்டால், அது 3 ஆண்டுகளாகக் குறையும். நீங்கள் பட்டறையிலேயே வேலை கற்றவரா, சான்றிதழுடன் கற்றவரா என்பது இங்கே முக்கியமாகிறது.

திருகு அழிந்துவிடாமல் கழற்றும் கை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நுனியால் நட்டைப் பிடித்து ஏற்றும் பழக்கம், மின்சுற்றைத் தொடர்ந்து போகும் பொறுமை ஆகிய மூன்றும் உங்களோடு வரும். வரக்கூடாதது, உங்கள் கடிதத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிற அந்த ஒன்றுதான். பார்வையாலும் செவியாலும் தீர்மானிப்பது கார் பட்டறையில் திறமை. ஹேங்கரில் அது ஐயத்தின் தொடக்கம் மட்டுமே, முடிவு கையேட்டிலிருந்து வர வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390ஆம் எண் விமானத்தில் நடந்ததை இதற்காகவே பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். பறந்துகொண்டிருந்தபோது விமானியின் முன்பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, தலைமை விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். வியப்புக்குரிய வகையில் தலைமை விமானி பிழைத்தார். அந்தப் பறப்புக்கு 27 மணி நேரம் முன்பு, நள்ளிரவு ஷிப்டில் கண்ணாடியை மாற்றியவர் அனுபவம் மிக்க மேலாளர். அவர் பாகங்களின் அட்டவணையைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்டுகளில் 84, வேண்டிய விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு மெலிந்தவை. எஞ்சிய ஆறும் நீளம் குறைந்தவை; கழற்றிய பழைய போல்ட்டுகளே தவறானவையாக இருந்ததும், எப்படியோ அதுவரை தாங்கிவந்ததும் விசாரணையில்தான் தெரிந்தது. கிடங்குக் கண்காணிப்பாளர் சரியான எண்ணைச் சொல்லியும் அவர் தம் கண்ணையே நம்பினார். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆள் குறைவான இரவில் வேலையை முடித்துவிட வேண்டும் என்று தாமே முன்வந்து செய்தவர். அதனால்தான் இந்த நிகழ்ச்சி என்னை இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: என் மகள் விமானப் பொறியியலில் பட்டம் படிக்க வேண்டும் என்கிறாள்; பராமரிப்பு உரிமப் படிப்பே போதும் என்கிறார்கள் உறவினர்கள். எது சரி? பயிற்சி நிலையத்தை எப்படித் தேர்வுசெய்வது?

பதில்: இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் இரு பாதைகள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அம்மா. அவை வெவ்வேறு ஊருக்குப் போகிற பாதைகள். பட்டம் பெற்றவர் விமானத்தை வடிவமைக்கும், கணக்கிடும், பொறியியல் திட்டம் வகுக்கும் பணிகளுக்கு உரியவர். பறப்பதற்கு விமானம் தகுதியுடன் இருக்கிறது என்று கையெழுத்திடும் உரிமை உரிமம் பெற்றவருக்கே உண்டு. பட்டம் வைத்திருப்பவரும் அந்தக் கையெழுத்தைப் போட விரும்பினால் உரிமத் தேர்வுகளை எழுதியே ஆக வேண்டும். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்துக்கு 12 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினை, அவர்களுடைய மிதிவண்டிப் பட்டறையில் ஆறு வாரங்களில் செய்து கொடுத்த சார்லஸ் டெய்லரிடம் பட்டமும் இல்லை, உரிமமும் இல்லை. அந்தக் காலம் போய்விட்டது.

பன்னாட்டு அளவில், விமானப் போக்குவரத்துக்கென நாடுகள் செய்துகொண்ட சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் இணைப்பு அடிப்படை வரையறைகளைத் தருகிறது: முழு விமானத்துக்கான உரிமம் பெற வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், அனுபவம் 4 ஆண்டுகள் இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவருக்கு 2 ஆண்டுகள் போதும். இதன்மேல் இரண்டு பெரிய முறைகள் எழுந்திருக்கின்றன. ஐரோப்பிய முறையில், எளிய பணிகளுக்கு 'ஏ', இன்ஜினும் உடற்பகுதியும் சார்ந்தவற்றுக்கு 'பி1', மின்னணுக் கருவிகளுக்கு 'பி2', ஹேங்கரில் வேலை முடிந்த முழு விமானத்தையும் பறக்கத் தகுதியானது என்று விடுவிக்க 'சி' என்று வகுத்து, கணிதம் முதல் விமானச் சட்டம் வரை பாடவாரியாகத் தேர்வு வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. அவற்றுள் 'மனிதக் காரணிகள்' என்ற பாடமும் உண்டு. களைப்பு, மறதி, அவசரம் எப்படித் தவறாக மாறுகின்றன என்று படிக்கிற பாடம் அது. மாணவர்கள் அதை எளிதென்று அலட்சியமாகப் படிக்கிறார்கள். அமெரிக்க முறையில் உடற்பகுதி, இன்ஜின் என இரண்டு தகுதிகள். ஒன்றுக்கு 18 மாத அனுபவம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட பள்ளிப் படிப்பு. எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு. அதற்குமேல் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆசிய நாடுகள் பலவும் ஐரோப்பிய விதிகளை ஒட்டியே தம் விதிகளை வகுத்திருக்கின்றன. ஆனாலும் ஒரு நாட்டு உரிமம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. வெளிநாட்டு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தை நம்பாமல், உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, எந்த வகை உரிமத்துக்கு இருக்கிறது, இந்த ஆண்டும் நீடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு கேள்வியை நேரில் கேளுங்கள்: செய்முறைப் பயிற்சியில் எவ்வளவு காலம், பயணிகளை ஏற்றிப் பறக்கும் விமானத்தின் மேல் நடக்கும், அது எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் நடக்கும்? தெளிவான பதில் வராவிட்டால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். தேர்வுகள் அனைத்திலும் தேறிவிட்டு, அனுபவப் பதிவேடு வெறுமையாக இருப்பதால் உரிமம் பெற முடியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இளைஞர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: விமான மெக்கானிக்குகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு என்று செய்தி வருகிறது. என் அண்ணன் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகளாகியும் வேலையில்லாமல் இருக்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மை. தட்டுப்பாடு இருப்பது கையெழுத்துக்கு. கைகளுக்கு அவ்வளவாக இல்லை. உரிமமும், குறிப்பிட்ட விமான வகையில் கூடுதல் தகுதியும், ஐந்தாறு ஆண்டு அனுபவமும் உள்ளவரை நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று இழுத்துக்கொள்கின்றன. நேற்றுத் தேர்வு முடித்தவரை வாசலிலேயே நிறுத்திவைக்கின்றன. ஒரு புதியவரைச் சேர்த்தால் அவர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் உரிமம் பெற்ற ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அப்படிப்பட்டவரே குறைவாக இருக்கும்போது, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் கற்றுக்கொள்ள வருபவருக்கும் இடமில்லாமல் போகிறது. தட்டுப்பாடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விந்தை இது.

செய்திகளில் வரும் பெரிய எண் பெரும்பாலும் போயிங் நிறுவனத்தின் மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்படுவது. 2025இல் வெளியான கணிப்பில், அடுத்த 20 ஆண்டுகளில் உலகுக்கு ஏறத்தாழ 7,10,000 புதிய பராமரிப்புத் தொழில்நுட்பப் பணியாளர்கள் தேவைப்படுவார்கள் என்று அது கூறியது. விமானம் விற்பவர் சொல்லும் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஓய்வுபெறுபவரின் இடத்தை நிரப்புவதும் இதில் அடங்கும். ஆயினும் போக்கு சரியானது என்றே நான் கருதுகிறேன். புதிய விமானங்கள் சொன்ன தேதிக்கு வந்து சேராததால் நிறுவனங்கள் பழைய விமானங்களையே நீட்டித்து ஓட்டுகின்றன. உலக விமானங்களின் சராசரி வயது 2024 இறுதியில் 14.8 ஆண்டுகளாகிவிட்டது என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் கூறியது. வயதான விமானத்துக்குத் துரு அதிகம், விரிசல் அதிகம், எனவே வேலையும் அதிகம். இன்னொரு பக்கம், 2023இல் பிராட் அண்ட் விட்னியின் புதிய தலைமுறை இன்ஜின்களில், பாகங்கள் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் குறைபாடு வெளிப்பட்டு, உரிய காலத்துக்கு முன்பே பல இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டிவந்தது. அதிலிருந்து இன்ஜின் பட்டறைகளின் வாசலில் வரிசை நீண்டுகொண்டே இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் அலைபோல ஏறி இறங்குவது. 2020இல் உலக விமானப் பயணம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 66 விழுக்காடு சரிந்தபோது, திறமைசாலிகள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மின்நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டுத் திரும்பி வரவே இல்லை. இன்றைய தட்டுப்பாட்டில் அன்றைய அவசரத்துக்கும் பங்கு உண்டு.

உங்கள் அண்ணன் பெரிய விமான நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல், சக்கரம், பிரேக், இருக்கை, தகட்டு வேலை என்று சிறு பட்டறைகளில் எதில் இடம் கிடைத்தாலும் நுழைந்துவிடுவது நல்லது. போயிங் 787இன் எடையில் பாதியும் ஏர்பஸ் ஏ350இன் எடையில் 53 விழுக்காடும் இழைக் கலவைப் பொருள்களால் ஆனவை. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு எங்கும் கிராக்கி உண்டு. பட்டறை அனுபவத்தில் எந்தப் பகுதி உரிமத்துக்குக் கணக்கில் வரும் என்பதை மட்டும் சேர்வதற்கு முன் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சம்பளம் எப்படி? இன்ஜின் பிரிவா, மின்னணுப் பிரிவா, எதில் அதிகம்?

பதில்: பயிற்சிக் காலத்தில் மிகக் குறைவு, உரிமம் கைக்கு வந்ததும் ஒரு தாவல், குறிப்பிட்ட விமான வகையில் தகுதி பெற்றதும் இன்னொரு தாவல். இரவுப் படியும் மிகைநேரப் பணமும் சேர்ந்தால் வருவாய் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு விலை தூக்கம். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரங்களில், மின்னணுக் கருவிப் பணியாளரின் இடைநிலை ஊதியம் மெக்கானிக்கின் ஊதியத்தைவிடச் சற்றே கூடுதலாகக் காணப்படுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டுக்காகப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையில் கிரீஸ் படுவது பிடித்தவருக்கு இன்ஜின். எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டி மறைகிற பழுதை மின்கம்பியின் வழியே மூன்று நாள் துரத்துவதில் சலிப்பு வராதவருக்கு மின்னணு.

கேள்வி: எனக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரித்தறிய வராது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: விமானிக்கு இருப்பது போன்ற மருத்துவச் சான்றிதழ் மெக்கானிக் உரிமத்துக்குப் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் வேலை கொடுப்பவர் சோதிக்கலாம். மின்கம்பி வேலையிலும், சாயம் ஊற்றி விரிசல் தேடும் சோதனைப் பிரிவிலும் நிறம் அறிவது இன்றியமையாதது. பணம் கட்டிப் படிப்பில் சேர்வதற்கு முன் கண் மருத்துவரிடம் உங்கள் குறையின் அளவை எழுதி வாங்கிக்கொண்டு, வேலை கொடுக்கும் இடங்களில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு பெண். உடல் வலிமை இல்லை, ஹேங்கரில் மதிக்க மாட்டார்கள் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: விமானத்தின் சக்கரத்தைத் தனியாகத் தூக்கக்கூடிய ஆண் மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை, அதற்கு ஜாக்கியும் தள்ளுவண்டியும் இருக்கின்றன. இந்த வேலைக்கு வேண்டியது நீண்ட நேரம் வசதியற்ற நிலையில் குனிந்தும் மல்லாந்தும் இருக்கும் தாங்குதிறன். அது பயிற்சியால் வருவது. எண்ணிக்கையில் பெண்கள் குறைவு என்பது உண்மையே. அமெரிக்காவில்கூட மெக்கானிக் சான்றிதழ் பெற்றவர்களில் பெண்கள் 100க்கு 3 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். மதிப்பைப் பொறுத்தவரை, முதல் ஓராண்டு உங்கள் வேலையை மற்றவர்களுடையதைவிட இருமுறை அதிகமாகச் சரிபார்ப்பார்கள், அது அநீதிதான். என்னோடு வேலை செய்த பெண்கள் குறைபட்டுக்கொண்டது பெரும்பாலும் வேறு விஷயங்களைப் பற்றி: அளவு பொருந்தாத பாதுகாப்புப் பட்டை, இரவு ஷிப்டில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. நேர்காணலில் இவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்திலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. விமானம் தாமதமாகிறது, கையெழுத்துப் போடு என்று மேலாளர் நெருக்கும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறது.

பதில்: வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். சட்டப்படி, விடுவிப்புச் சான்றில் கையெழுத்திட்டவர் அந்த வேலைக்குத் தாமே பொறுப்பு. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். குறையைக் கண்டவுடன், யாரிடமும் பேசுவதற்கு முன், டெக் லாக்கில் எழுதிவிடுங்கள். எழுதாத குறையைப் பேசிக் கரைத்துவிடலாம். எழுதிய குறையைக் கையேட்டின் ஏதேனும் ஒரு பக்கத்தைக் காட்டித்தான் மூட முடியும். அதன்பின் மேலாளர் வந்தால் வாதம் செய்யாமல், 'இதை அனுமதிக்கும் பக்கத்தைக் காட்டுங்கள், உடனே கையெழுத்திடுகிறேன்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். பாதி நேரம் அவரே அந்தப் பக்கத்தைத் தேடிக் கொண்டுவந்துவிடுவார். ஏனெனில் நெருக்குகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர், சில வேளைகளில் நாம்தான் விதியைச் சரியாகப் படிக்காமல் பிடிவாதம் பிடிக்கிறோம். அந்தப் பக்கம் இல்லாத மீதி நேரத்தில் அவர் வேறொருவரைத் தேடிப் போவார். அப்போது நீங்கள் எழுதியது அங்கே இருக்கும்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடியைவிட, நமக்குள்ளிருந்து வரும் 'வழக்கம்போல இருக்கும்' என்ற எண்ணத்துக்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். 1983ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மயாமியிலிருந்து பஹாமாஸின் தலைநகர் நசாவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று இன்ஜின் விமானத்தில், மூன்று இன்ஜின்களிலும் ஆயில் வடிந்துபோயிற்று. ஆயிலில் உலோகத் துகள் சேர்கிறதா என்று காட்டும் சிறு கருவியை முந்தைய இரவு மாற்றியவர்கள், அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எப்போதும் வளையத்துடனேயே கைக்கு வந்த பொருள் அது, அன்று மட்டும் வளையமில்லாமல் வந்தது. ஓர் இன்ஜினை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிட்டுத் திரும்பும் வழியில் மற்ற இரண்டும் அணைந்தன. சுமார் 4,000 அடி உயரத்தில், முதலில் நிறுத்திய இன்ஜினை மறுபடி இயக்கி, 172 பேரையும் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். பணி அட்டையில் வளையம் பற்றிய வரி அச்சாகியிருந்தது, கையொப்பமும் போடப்பட்டிருந்தது. ஒரே ஆள் எல்லா இன்ஜின்களிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை இன்று எவ்வளவு கண்டிப்பாகச் சொல்லப்படுகிறது என்பதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணம்.

என் கதை ஒன்றும் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, மூடியையெல்லாம் போட்டு முடித்துக் கருவிப் பெட்டியைச் சரிபார்த்தபோது நட்டை முறுக்கப் பயன்படும் ஒரு சிறிய சாக்கெட் குறைந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னேன். விமானத்தை நிறுத்தி, மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் மறுபடி திறந்து தேடினோம். கடைசியில் அது பக்கத்து விமானத்தில் வேலை செய்தவரின் பெட்டியில் கிடந்தது. என்னிடம் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் மேலாளர் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலை போகவில்லை.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக இரவு ஷிப்டிலேயே இருக்கிறேன். உடல் தளர்கிறது. இதற்கு முடிவு உண்டா?

பதில்: விமானம் பகலில் பறக்கிறது, எனவே இரவில்தான் நம் கைக்குக் கிடைக்கிறது, இந்தக் கணக்கு மாறப் போவதில்லை. லைன் பராமரிப்பை விட்டுப் பட்டறைக்கோ, திட்டமிடல் பிரிவுக்கோ, தரக் கண்காணிப்புக்கோ, பயிற்சி ஆசிரியர் பணிக்கோ மாறுபவர்கள் பெரும்பாலும் உடல் தளர்ந்த பின்பு மாறுகிறார்கள். அதற்கு முன்பே மாறுவது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: கையில் வேலை செய்வதை முற்றிலும் நிறுத்திவிட்டால் உரிமத்தின் உரிமைகள் செல்லுபடியாகாமல் போய்விடும். ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் இரண்டுமே கடைசி 2 ஆண்டுகளில் 6 மாத அனுபவத்தைக் கேட்கின்றன. மாறுவதற்கு முன்னால் அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மிக நுட்பமான வேலையை வைத்துக்கொள்ளாமல், முடிந்தவரை ஷிப்டின் தொடக்கத்திலேயே அதை முடித்துவிடப் பாருங்கள்.

கேள்வி: ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டால் மெக்கானிக்குக்கு என்ன வேலை இருக்கும்?

பதில்: ட்ரோன் விமானத்தின் மேற்புறத்தைச் சுற்றிப் படம் எடுக்கிறது, இன்ஜினின் அதிர்வையும் வெப்பத்தையும் பதிவுசெய்யும் உணரிகள், எந்தப் பாகம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டன. ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற நேரம் இதனால் குறைகிறது. நல்லதுதான், ஏணியிலிருந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வால்வு ஒன்று பழுதாகப் போகிறது என்று கணினி சொன்ன பிறகு, அந்த வால்வுக்குப் போக நான்கு குழாய்களையும் ஒரு மூடியையும் கழற்றி, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, பழையதை எடுத்துப் புதியதை வைத்து, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் அளந்து முறுக்கி, அது தளராமலிருக்க லாக்வயர் என்ற கம்பியைக் கட்ட ஓர் ஆள் வேண்டும். பிறகு அவரைச் சாராமல் அதைத் தனியே சோதிக்க இன்னொருவர் வேண்டும். விடுவிப்புச் சான்றில் பெயர் எழுதும் இடத்தில் எந்த நாட்டுச் சட்டமும் இதுவரை ஓர் இயந்திரத்தை அனுமதிக்கவில்லை. உங்களுக்கு வயது இருபதுக்குள் என்றால், ரிவெட் அடிக்கக் கற்கும்போதே தரவுகளைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்தவர்கள் எங்கள் தலைமுறையில் மிகச் சிலரே இருந்தோம்.